பூட்டை உடைத்த ஜைத்தூன் அக்கா

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளியில் இறைவணக்கம் முடிந்த நேரத்தில், சத்துணவு சமைக்கும் செல்வி வந்து சொன்னார்: "ஜைத்தூன் அக்கா எறந்து பூட்டாங்க டீச்சர். நெஞ்சு வலியாம்."

கொருக்குப்பேட்டையில் அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். 'வெள்ளத்தில் மக்களைக் காத்த வீரத்தாய்' என்று சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். அதற்காகவே அவர் மேல் வழக்கு நடந்தது என்று அதில் இல்லை.

ஜாக்கெட் தைத்துப் பிழைத்தவர். எங்கள் மாநகராட்சி வட்டத்தின் பகுதி சபையில் அவரும் உறுப்பினர், நானும் உறுப்பினர். தெருமுனை மாநகராட்சிப் பள்ளிக்கு நான் தலைமை ஆசிரியை. ஒரு மழைக்காலம் முடிந்ததும் அவர் இஞ்ச் டேப்போடு வீடு வீடாகப் போய், சுவரில் தண்ணீர் நின்ற கறையை அளந்தார். நடக்க முடியாதவர்கள், நிறைமாதக்காரிகள் என்று பெயர் பெயராக எழுதிக்கொண்டார். சபைக் கூட்டத்தில் கேட்டது ஒன்றே ஒன்று: "இஸ்கூல் மாடி சாவி ஒண்ணு தெருவுல யார் கையிலயாவது இருக்கட்டும். தண்ணி வந்தா ஏறிக்கலாம்."

'பரிசீலிக்கப்படும்' என்று எழுதினார்கள். வெளியே வந்ததும், "பரிசீலனை வந்து கதவ தொறக்குமா டீச்சர்?" என்றார். நான் சிரித்தேன்.

அடுத்த மழையில், ஒரு ஞாயிறு காலை தெருவில் தண்ணீர் இடுப்பளவு ஏறிவிட்டது. மேட்டில் இருந்த என் வீட்டுக்கு நனைந்த புடவையோடு வந்து நின்றார்.

"சாவி குடுங்க டீச்சர். வாதம் வந்தவர கட்டிலோட தூக்கினு நிக்கிறாங்க."

"மேலே கேட்காமல் தர முடியாது அக்கா."

"கேட்டுக்கினே இருங்க."

சாவி என் கைப்பையில்தான் இருந்தது. அவர் போய்ப் பூட்டை உடைத்தார். அவர் எழுதி வைத்திருந்த அத்தனை பேரும் அன்று மாடி ஏறினார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை.

தண்ணீர் வடிந்ததும், அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியதாகப் புகார் எழுதச் சொன்னது மேலிடம். எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். வேலைக்குப் பயந்தேன். வேறு காரணம் இல்லை. தையலை விட்டுவிட்டு அவர் வாய்தா வாய்தாவாக அலைந்தார். வழக்கு முடியும் முன் அவர் முடிந்துவிட்டார்.

ஒருமுறை நீதிமன்ற வராந்தாவில் மன்னிப்புக் கேட்டேன்.

"கேட்டுட்டீங்க, சரி. எனுக்கு மன்னிக்க மன்சு வர்ல டீச்சர். வந்தா நானே சொல்றேன்."

சொல்லவில்லை.

சாவி இன்னும் தெருவுக்கு வரவில்லை. இரங்கல் கூட்டத்தில், அவர் என்றோ என்னை மன்னித்திருப்பார் என்று ஆறுதல் சொன்னார்கள். வேண்டாம். அவர் மன்னிக்காமல் போனது ஒன்றுதான் அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.