அண்ணனுக்கு வீடா, வீட்டுக்கு அண்ணனா

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குச் சொந்தமாக ஒரு மொழி இருந்தது. ஜெர்மனுக்கும் டச்சுக்கும் ஒன்றுவிட்ட தங்கை மாதிரி, கடையில் ஈ ஓட்டிய மதியங்களில் அவரே பெற்று வளர்த்தது.

மொழி இருந்தால் போதுமா, பேச ஆள் வேண்டாமா? மனைவிக்குக் கற்றுக்கொடுத்தார். பேருந்து நிலையத்தில் அறிவிப்பு வாசிப்பவள். எந்தச் சொல்லும் நாக்கில் வழுக்கிக்கொண்டு வரும். தகராறு வேற்றுமை உருபில்தான். தமிழில் 'ஐ' வரும் இடத்தில் 'என்', 'கு' வரும் இடத்தில் 'எம்' என்பது அவருடைய சட்டம். அவளோ எல்லாவற்றுக்கும் 'என்' போட்டாள்.

“அந்த இடத்துல எம் வரணும்மா.”

“எம்முன்னா வாயை மூடணுங்க. நாள் பூரா மைக்ல கத்திட்டு வந்தவளுக்கு அது வேற வேலையா?”

குடும்ப அமைதியை முன்னிட்டு அவர் இலக்கணத்தையே வளைத்தார். மலைநாட்டார் 'எம்' சொல்வார்கள், கடலோரத்தார் அதை விட்டுவிடுவார்கள் என்று ஒரு விதி போட்டார். அன்று முதல் அந்த வீட்டில் ஹால் மலைநாடு, சமையலறை கடலோரம்.

அப்போதுதான் அவளுடைய அண்ணன் வந்து சேர்ந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. “ரெண்டு நாள்ல கிளம்பிடுவேன்” என்றவர் வந்து ஒரு மழைக்காலமே போய்விட்டது. சோபாவில் அவர் உட்கார்ந்த இடம் குழிந்துபோனது. அவருக்கு எதிரிலேயே அவரைப் பற்றிப் பேச இருவருக்கும் அந்த மொழி நன்றாக உதவியது. அவர் பாட்டுக்கு டிவி பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு மாலை டீயை நீட்டியபடி அவள் கணவரிடம், “ஃபின்த் ப்ரூதென் ஹூஸென்” என்றாள். அண்ணனுக்கு ஒரு வீடு பாருங்கள் என்பது அவள் எண்ணம்.

அண்ணன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: “மாப்பிள்ளை, உங்க மலைநாட்டுக் கணக்குப்படி ப்ரூதெம்னுல்ல வரணும்?”

கடைக்காரருக்கு வாயில் வைத்த டீ புரையேறியது.

“ரெண்டுமே என்னுன்னா, அண்ணனுக்கு வீடு பாருங்கன்னும் அர்த்தம், வீட்டுக்கு அண்ணனைப் பாருங்கன்னும் அர்த்தம். நான் ரெண்டாவதை எடுத்துக்கிட்டேன்.”

வெட்கத்தில் கூனிக்குறுக வேண்டிய கடைக்காரரோ, மனைவி பக்கம் திரும்பினார். “தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே, எம் போடு, எம் போடுன்னு.”

“இப்ப அதுவா முக்கியம்?” என்றவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். “அண்ணா, எல்லாமே புரிஞ்சுதா?”

“குறட்டையைப் பத்திப் பேசினது மட்டும் ஆரம்பத்துல புரியல.”

அவள் சமையலறைக்குள் ஓடினாள். அழுகிறாள் என்று பதறி இருவரும் பின்னால் போனால், முந்தானையை வாயில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சில நாட்களில் அண்ணனே பக்கத்துத் தெருவில் ஒரு மாடி அறை பார்த்துக்கொண்டார். குற்ற உணர்ச்சியில் தம்பதி இருவரும் அவருடைய கட்டிலை மாடிப்படியில் மூச்சிரைக்கத் தூக்கிப் போனார்கள்.

ஆனால் மொழியை அவர் விடவில்லை. தினமும் கடைக்கு வந்து பேசினார், அதுவும் உருபே இல்லாமல். “எதுக்கு மாப்பிள்ளை வாலு? யாருக்குன்னு கையைக் காட்டினா புரியப் போகுது.”

கடைக்காரருக்கு முதலில் சோறு இறங்கவில்லை. பிறகு, தான் சொல்லிக்கொடுக்காமலே மொழிக்கு ஒரு வட்டார வழக்கு முளைத்துவிட்டதை எண்ணி உள்ளூரக் குளிர்ந்துபோனார். அதற்குச் 'சமவெளி வழக்கு' என்று பெயரும் வைத்தார். வெளியில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போதும் கடையில் இருவருக்கும் வாக்குவாதம் முற்றினால், கண் சோதனை நாற்காலியில் ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர்தான் கேட்பார்:

“சார், கையை எடுத்துடட்டுமா?”