ஏழு தும்மல்

எங்கள் வீட்டில் மிளகாய்ச் சம்பல் வதக்கி மூன்று வருடம் இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஜெலாப்பாங் தொழிற்சாலையின் ஸ்டோரில் பெட்டிகளை எண்ணியே ஓய்வு பெற்றவன் நான். இதை எண்ணாமல் விடுவேனா? மனைவிக்குச் சமையல் அலுத்துவிட்டது என்று நினைத்து, சாப்பிட உட்காரும்போதெல்லாம் முணுமுணுத்தேன். அவள் குழம்பை ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

காரணத்தை மகள்தான் சொன்னாள். மிளகாய் நெடி ஏறினால் அம்மாவுக்குத் தும்மல் வரும். தும்மினால் சிறுநீர் கசிந்துவிடும். சிரித்தாலும் அப்படித்தானாம். ரப்பர் தோட்டத்தில் பால் வாளி சுமந்து, மூன்று பிள்ளை பெற்ற உடம்பு. கல்யாண மண்டபங்களில் அவள் ஏன் எப்போதும் கதவோரமாகவே உட்கார்ந்தாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஈப்போவில் அறுவைச் சிகிச்சை நடந்தது. சிறுநீர்க் குழாய்க்கு அடியில் நாடா போல ஒன்றை வைத்து முட்டுக் கொடுத்தார்கள். ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். அரிசிப் பை, ஈரத்துணி வாளி எல்லாவற்றையும் நானே தூக்கினேன். சரியாகிவிட்டதா என்று ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் கேட்பதில்லை.

"தும்மினாதாங்க தெரியும்" என்பாள். அந்த ஆறு வாரமும் பார்த்து அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. வந்து, பழையபடியே ஆகிவிட்டால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்குக் கவலை.

ஏழாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை. அடுப்படியில் மிளகாய் விழுதும் பெலாச்சான் என்கிற இறால் விழுதும் எண்ணெயில் விழும் சத்தம் கேட்டது. முதல் தும்மல். நாளிதழைக் கீழே வைத்தேன். இரண்டு, மூன்று. குளியலறைக் கதவு சாத்தப்படும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். நான்கு, ஐந்து, ஆறு. ஏழு. கரண்டிச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"எத்தனைங்க?" உள்ளேயிருந்து கேட்டாள்.

"எது?"

"நடிக்காதீங்க லா. அங்க உக்காந்து எண்ணிக்கிட்டுதானே இருக்கீங்க?"

"ஏழு. என்னாச்சு?"

"என்ன ஆவும்? சம்பல் ஆச்சு. ஒரு சொட்டுகூட இல்லைங்க."

நான் பதில் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் நெடி கூடத்துக்கு வந்து, எனக்கே பெரிய தும்மலாக வந்தது.

"எட்டு!" என்று கத்தினாள். பிறகு கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள், எங்கேயும் ஓடாமல், நின்ற இடத்திலேயே.

அன்று மூன்று முறை சோறு போட்டுக்கொண்டேன். சம்பலில் உப்பு கொஞ்சம் கூடுதல். சொல்லவில்லை.