இருபது தேங்காய்கள்

மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு வரும் குழந்தைகளுக்காகப் பொம்மைப் படம் போட்ட பைகள் வாங்கி, பென்சில், ரப்பர், சாக்லேட் என்று பார்த்துப் பார்த்துப் போட்டு வைத்திருந்தேன். கேக் வாங்கக் கடத்தூர் போய்விட்டுத் திரும்பினால், என் கணவர் இருபது பைகளிலும் பைக்கொரு தேங்காய் போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வேறு!

"சின்னப் பசங்களுக்கு யாராச்சும் தேங்கா குடுப்பாங்களா? கொஞ்சமாச்சும் அறிவிருக்குதா?" வந்திருந்த அம்மாக்கள் முன்னாலேயே கத்திவிட்டேன்.

"அவங்களும் நம்ம வூட்டுக்கு வந்த சனந்தான?" என்றார் மெதுவாக.

வெற்றிலைத் தட்டை மட்டும் ஒதுக்கினேன். தேங்காய்களை எடுக்க நேரமில்லை.

குழந்தைகள் கிளம்பும்போது கூச்சத்தோடு முதல் பையை நீட்டினேன். வாங்க வந்த சிறுமி உள்ளே எட்டிப் பார்த்தாள். சட்டென்று நிமிர்ந்து, பெரியவர்களைப் போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "போய்ட்டு வரேங்க" என்றாள். பிறகு தன் அம்மாவிடம் ஓடினாள்.

"அம்மா, எனக்கும் வெச்சுக் குடுத்தாங்க!"

அதற்குப் பிறகு வந்த எல்லாக் குழந்தைகளும் இரண்டு கையையும் நீட்டினார்கள்.

குழந்தைகளுக்கு என்ன பிடிக்கும் என்று கடை கடையாய் ஏறி இறங்கிய எனக்கு, மரியாதையும் பிடிக்கும் என்று தோன்றவே இல்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது. கடைசியில் ஒரு பை மிஞ்சியது. அதில் வெற்றிலை பாக்கையும் வைத்து, அத்தனை அம்மாக்களும் பார்க்க, அவரிடம் இரண்டு கையாலும் நீட்டினேன்.

"தேங்கா இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டார்.