சென்னை – பினாங்கு, நாலரை மணி நேரம்

சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானத்தில் நாலரை மணி நேரம். அங்கே வேலை பார்க்கும் மகனுக்கு விபத்து என்று செய்தி வந்ததும் கைபேசியில் நான் தேடியது இதைத்தான். அந்த விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. கோலாலம்பூர் வழியாக வந்து சேர்வதற்குள் அவனுக்கு அறுவை சிகிச்சையே முடிந்துவிட்டது.

இப்போது மருத்துவமனைக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் நிற்கிறேன். அவனுக்குத் தயிர்சாதம் கேட்கிறேன். கடைக்காரப் பெண் கரண்டியைக் கீழே வைக்கிறார்.

"ஆஸ்பத்திரி உள்ள யாரு அக்கா?"

"என் பையன். பைக்ல போறப்ப லாரி இடிச்சிருச்சு. கால்ல ஆபரேஷன்."

"ஐயோ, மோட்டார் ஆக்சிடெண்டா! தயிர் சோத்துல தையல் எப்படிக்கா ஆறும்? விரால் மீன் சூப் குடுங்க லா. இங்க ஆபரேஷன்னா மலாய்க்காரங்க, சீனவங்க, நம்மாளுங்க எல்லாரும் அதான் குடிப்பாங்க."

"நாங்க சைவம்மா."

"படுத்திருக்கறது நீங்களா, தம்பியா?"

என் பதிலுக்குக் காத்திராமல் கொதிக்கும் சூப்பைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயைக் கயிற்றால் கட்டித் தருகிறார். முட்டையைக்கூட வீட்டுக்குள் விடாத நான் அதை இரு கைகளாலும் ஏந்திச் சாலையைக் கடக்கிறேன்.

நேற்றிலிருந்து எதையும் தொடாத மகன், வாசனைக்குக் கண் திறக்கிறான். கிண்ணத்தில் ஊற்றுகிறேன்.

"இதுல முள்ளு ஜாஸ்திம்மா. பாத்து எடு."

அவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு முள்ளாக விரலால் தடவி எடுத்துவிட்டு, ஊட்டுகிறேன்.