அண்ணன் வாயில் எவனுடைய குரல்

தொண்ணூறுகளின் கடைசியில் வடசென்னைக் காலடிப்பேட்டையில் எங்களுக்கு ஓர் இசைக்குழு இருந்தது. அதன் தலைவரும் பாடகரும் நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிட்டவர்தான். ஆளை ஆட்டிவைக்கும் அமெரிக்க ஃபங்க் இசையைக் கானாவோடு கலந்து பாடுவார். நான் கீபோர்டு. என் தப்புச் சுரங்கள் வெளியே தெரியாமல் காப்பாற்றியது அவர் குரல்தான்.

அண்ணனுக்குச் சினிமாவில் துறைமுக ரவுடி வேஷம் கிடைத்தது. படம் வந்த அன்று குழுவோடு தியேட்டருக்குப் போனோம். திரையில் அண்ணன் வாயைத் திறந்தார். வந்தது வேறு யாருடைய குரலோ. மூச்சுக்கு மூச்சு ‘கஸ்மாலம்’ என்றது.

“இன்னாடா இது, என் வாய்ல எவனோ பேசிகினு கீறான்?” என்றார் அண்ணன்.

மறுநாள் படக் கம்பெனிக்குப் போய்க் கேட்டோம். உதவி இயக்குநர் பொறுமையாகச் சொன்னார்: “உங்க பேச்சுல மெட்ராஸ் பாஷை ஃபீல் வரல சார். அதான் வேற ஆள வெச்சுப் பேச வெச்சோம்.”

பிறந்ததிலிருந்து வேறு பாஷையே பேசாதவருக்கு அது வரவில்லையாம். படித்த புத்தகங்களையெல்லாம் துணைக்கு அழைத்து நான் ஆங்கிலத்தில் கோபப்பட்டேன். உதவி இயக்குநர் எங்களுக்கு டீ சொன்னார்.

அடுத்த வாரம் எண்ணூரில் கச்சேரி. கூட்டம் அண்ணனை அந்தச் சினிமா வசனத்தைப் பேசச் சொன்னது. அண்ணன் பேசினார். முன்வரிசையில் ஒருவர், “படத்துல கீற மாரி இல்லியே தலீவா” என்றார். நம்ம ஆளே இப்படிச் சொன்னதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அண்ணன் மைக்கை அணைத்தார். “இத்தயும் எவனோ பாட்றான்னு சொல்லு மாமு, பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு, வெறுங்குரலில் அடுத்த பாட்டைத் தொடங்கினார்.