கோச்சியை மறித்த கை

கொழும்பு மருதானை ஸ்டேஷனைக் காலை நேரத்தில் பார்த்திருக்கிறீர்களா? போன கிழமை நான் பார்த்தேன். பிரமிப்பு இன்னும் அடங்கவில்லை.

கல்முனைக்காரனுக்குக் கோச்சியே – ரயிலே – அதிசயம்தான். நமக்கெல்லாம் தண்டவாளம் மட்டக்களப்போடு சரி. மருதானையிலோ, ஒரு பாதையில் வந்த சனம் இறங்கி, மேம்பாலம் ஏறி, இன்னொரு பாதைக் கோச்சிக்கு மாறுகிறது – ஆயிரக்கணக்கில். சம்மாந்துறை வயலுக்கு வாய்க்கால் திறந்துவிட்ட மாதிரி... யாரும் யாரையும் இடிக்கவில்லை. இத்தனை பேருக்கும் வழி சொல்லிக் கொடுத்தது யார்? வாய் பிளந்து நின்றேன்.

என்னோடு ராத்தா. என் மூத்த சகோதரி, முழங்கால் தேய்ந்துவிட்டது. ராகமையில் என் மகள் வீட்டில் தங்கி, தெகிவளைக்கு டொக்டரிடம் போகிறோம். அன்று காட்டினால்தான் ஒப்பரேஷனுக்குத் திகதி. தவறினால், மாதக்கணக்கில் அந்த வலியோடு கிடக்க வேண்டியதுதான்.

மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது, பாதிப் படியில் ராத்தாவின் கால் மடங்க மறுத்துவிட்டது. கீழே எங்கள் கோச்சி வந்து நின்றது. பின்னால் வந்த சனம்? எல்லாருக்கும் வேலைக்குப் போகிற அவசரம். ஆனாலும் ஒருவரும் முறைக்கவில்லை. எங்களுக்கு இடம் விட்டு, இரண்டாகப் பிரிந்து இறங்கிப் போனது. கொஞ்ச நேரத்தில் பிளாட்போம் வெறிச்சோடியது. கடைசிப் பெட்டியில் கார்ட் பச்சைக் கொடியை விரிக்கப் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் ராத்தா கையைத் தூக்கினார். வீட்டுக் கேற்றடியில் நின்று அக்கரைப்பற்று பஸ்ஸை மறிப்பாரே – அதே மாதிரி!

"கைய இறக்குங்க ராத்தா. இது பஸ்ஸில்ல, கோச்சி" என்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ராத்தா இறக்கவில்லை. கார்ட் நிமிர்ந்து பார்த்தார். கொடியைச் சுருட்டிக்கொண்டு, மெதுவாக வாங்க என்று கையால் சைகை காட்டினார்.

மிச்சப் படிகளை ராத்தா பிடித்துப் பிடித்து இறங்கினார். வாசலில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் கைகொடுத்து ஏற்றினார்கள். அத்தனை பெட்டி, அத்தனை சனம்... ஒரு முழங்காலுக்காக நின்றது. சுப்ஹானல்லாஹ்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

திகதியும் கிடைத்தது.

திரும்பி வரும்போது ராத்தாவிடம் கேட்டேன் – கை காட்டினால் கோச்சி நிற்கும் என்று எப்படி நம்பினீர்கள்?

ராத்தாவுக்கு ஆச்சரியமே இல்லை.

"அதையும் மனிசர்தானே ஓட்டுற?"