லம்யாய் அக்காவின் நீளமான பிரார்த்தனை

லம்யாய் அக்காவுக்குத் தெய்வத்திடம் பேசப் பொறுமை கிடையாது. எங்கள் பெட்சபுரி சந்தைத் தெருவில் வீட்டுக்கு வீடு முற்றத்தில் ஒரு தூண் நிற்கும். அதன்மேல் மனைக் காவல் தெய்வத்துக்கு ஒரு குட்டி வீடு. நாங்களெல்லாம் காலையில் ஊதுபத்தி ஏற்றி அதன் முன்னால் கால் மணி நேரமாவது உட்காருவோம். அக்கா படையலாக ஒரு சிவப்புச் சோடா பாட்டிலை வைத்து, உறிஞ்சுகுழலைச் செருகி, "நான்தான். பாத்துக்கோங்க" என்பாள். அவ்வளவுதான். தன் கடையில் வாழைப்பழம் சுடும் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். எதிரே முடிவெட்டும் கடை வைத்திருக்கும் நான் பத்தொன்பது வருடமாக இதைப் பார்க்கிறேன். ரொம்பப் பொறுமையான தெய்வம்.

அவளுக்கு வயது ஐம்பத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், அழுகின வாழைத்தாரையாவது திருப்பிக் கொடுத்துவிடலாம், புருஷனைக் கொடுக்க முடியுமா என்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரு புதன்கிழமை பிராணிகள் காப்பகத்திலிருந்து ஒரு நாயோடு வந்து இறங்கினாள். செம்பட்டை நிறம், இடது காதில் பாதி இல்லை. பூட்டிக் கிடந்த ஏதோ கிடங்கிலிருந்து மீட்டார்களாம். சோம் என்று பெயர் வைத்தாள். எங்கள் பேச்சில் ஆரஞ்சுப் பழம். காப்பகத்துப் பெண் ஜிந்தனா ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருக்கிற உயிர். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பாள். சாப்பிடாமல் கிடந்தால் திரும்பக் கூட்டிப் போய்விடுவாள்.

சோம் சாப்பிடவில்லை. அக்கா கோழி ஈரலை அவித்து வைத்தாள், மீனை முள் எடுத்து வைத்தாள், மடியில் வைத்து ஊட்டாத குறை. தட்டு வந்தாலே அது தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். அக்காவும் விடாமல் பக்கத்தில் குந்தி, வாயைத் திறக்கிறதா என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வெள்ளிக்கிழமை அவள் அடுப்பே மூட்டவில்லை. என் கடைக்கு வந்து கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. கையிலிருந்த சீப்பை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"திரும்ப அந்தக் கூண்டுக்கே போகணுமா தம்பி அது?"

எனக்குத் தோன்றியதைக் கேட்டேன். "புதுசா ஒரு உசுரு வீட்டுக்கு வந்திருக்கே. காவல் தெய்வத்துக்கிட்ட சொன்னியாக்கா?"

சொல்லவில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. மருமகள் வந்தாலும் வாடகைக்காரன் வந்தாலும் முதலில் அங்கேதான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வந்தவருக்கு அந்த வீடு ஒட்டாது.

சனிக்கிழமை காலை தூணுக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தாள். சோம் தொடாத தட்டு அவள் முதுகுக்குப் பின்னால் கிடந்தது. "இது சோம். இனிமே இங்கதான் இருக்கும். பாத்துக்கோங்க." வழக்கம்போல முடித்து எழப் போனபோது பின்னால் சளக்கென்று ஒரு சத்தம். திரும்பினாள். தட்டில் வாய் வைத்திருந்த சோம் பானைக்குப் பின்னால் ஓடிவிட்டது.

சந்தையில் வியாபாரம் செய்கிறவளுக்கு எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. மறுபடி தெய்வத்தைப் பார்த்துக் கைகூப்பி உட்கார்ந்தாள். யாராவது பார்த்தால் அது சாப்பிடாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கிடங்கில் எவனோ இதைப் பார்த்துக்கொண்டே நின்று, சாப்பிடும்போது அடித்திருக்கிறான். பாவி, நன்றாக இருக்க மாட்டான். இவளோ மூன்று நாளாக ஆசை ஆசையாகப் பார்த்தே அதைப் பட்டினி போட்டிருக்கிறாள்.

சங்கடம் என்னவென்றால், அவள் பேச்சு நின்றால் நாயும் நிறுத்திவிடுகிறது. அவளுக்குத் தெரிந்த பிரார்த்தனையோ இரண்டே வார்த்தை. அதனால் தெய்வத்திடம் எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தாள். முழங்கால் வலி, வாழைத்தார் விலை, பெண் கேட்டு வந்த படகுக்காரனை வேண்டாமென்ற கதை, என் கடையில் முடி வெட்டிக்கொண்டவன் மாமியார் வீட்டுக்குப் போக முடியாது என்பது வரை. தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. தட்டு காலியானது.

ஞாயிற்றுக்கிழமை ஜிந்தனா கயிறோடு வந்தாள். தட்டை வைத்தார்கள். புது முகத்தைப் பார்த்த சோம் பானைக்குப் பின்னால் போய்விட்டது. ஜிந்தனா உதட்டைக் கடித்தாள். அக்கா அவளைப் பிடித்துப் பாயில் உட்காரவைத்தாள்.

"கையைக் கூப்பு. திரும்பிப் பாத்தே, பழத்தோட சேத்து உன்னையும் சுட்டுருவேன்."

நானும் பாதி மழித்த ஒருவரை நாற்காலியிலேயே விட்டுவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்தேன். அக்கா தொடங்கினாள். பின்னால் சளக், சளக். ஜிந்தனாவின் முகம் மலர்ந்தது. ஆனால் அக்காவுக்கு அன்று கதை வரவில்லை.

"இதை அனுப்பிட்டு நாளைக்கு நான் யாருக்குத் தட்டு வைப்பேன்? எனக்கு வேற யாரு இருக்கா..." குரல் உடைந்து நின்றுவிட்டது.

நக்கும் சத்தமும் நின்றது. பிறகு மெல்ல நகம் உரசும் சத்தம். சோம் எங்களைச் சுற்றி முன்னால் வந்து, மீன் ஒட்டிய வாயோடு அக்காவின் முகத்தையே பார்த்தது. அப்புறம் பாதிக் காதுத் தலையை அவள் மடியில் வைத்துப் படுத்துவிட்டது. ஜிந்தனா கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.

அக்கா கூப்பிய கையை எடுக்கவில்லை. கண் தெய்வத்தின் மேலேயே இருந்தது, கன்னமெல்லாம் ஈரம்.

"தம்பி," என்றாள் மெதுவாக, "இப்பப் பாக்கலாமா?"